மர வில்லுக்கு அம்பு வாங்கும் முன்: விறைப்புப் பார்க்கும் விதம்

என் கடையின் பின்புறம் ஐந்து தக்காளிச் செடிகள் நிற்கின்றன. அதில் மூன்றுக்கு முட்டுக் கொடுத்திருப்பது கார்பன் அம்பு. பார்க்கிறவர்கள், "தக்காளிக்கே கார்பனா, வசதிதான் போங்க" என்று சிரிப்பார்கள். வசதியெல்லாம் ஒன்றுமில்லை. தப்பாகக் கணித்து, தப்பாக வெட்டி, எனக்கும் உதவாமல் மற்றவருக்கும் உதவாமல் போன அம்புகள் அவை. அந்தக் கதை பின்னால் வரும்.

கோவையில் மோட்டார் ரீவைண்டிங் எனக்குத் தொழில். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் ஆனைமலைப் பக்கம் மச்சானின் தென்னந்தோப்புக்கு வில்லோடு போய்விடுவேன். மரக் கைப்பிடி, அதன் மேலும் கீழும் கழற்றி மாட்டும் வளையும் கைகள், குறிபார்க்கும் கருவி எதுவும் இல்லாத சாதாரண ரீகர்வ் வில், அதாவது நுனிகள் முன்பக்கம் வளைந்த வில். நாலைந்து வருடமாக இதில் இருப்பதால் புதிதாக வருகிற தம்பிகள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "40 பவுண்டு வில்லுண்ணா, எந்த அம்பு வாங்கட்டும்?"

"நீங்க எத்தனை பவுண்டு இழுக்கறீங்க தம்பி?"

"அதான் 40னு சொன்னேனே!"

இந்த இடத்தில்தான் முதல் பிசகு.

வில்லில் எழுதியிருப்பதும் கை இழுப்பதும்

வில்லின் கையில் "40 பவுண்டு, 28 அங்குலம்" என்று எழுதியிருந்தால், 28 அங்குலம் இழுத்தால்தான் 40 பவுண்டு என்று பொருள். அந்த 28-ஐயும் கைப்பிடியின் குழிவிலிருந்து நாண் வரைக்கும் அளந்து, அதோடு ஒன்றே முக்கால் அங்குலம் கூட்டித்தான் சொல்கிறார்கள். தோராயமாக அது கைப்பிடியின் முன்விளிம்புக்கு வந்துவிடும். நம்மில் பலருக்கு அவ்வளவு கை நீளம் கிடையாது. ஓர் அங்குலம் குறைவாக இழுத்தால் இரண்டரை முதல் மூன்று பவுண்டு போய்விடும்.

என் கணக்கைச் சொல்கிறேன். நீளமான அம்பு ஒன்றை நாணில் மாட்டி, வழக்கம்போல முழுக்க இழுத்து நின்றேன். மச்சான் மகன் கைப்பிடியின் முன்விளிம்புக்கு நேராக அம்பில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டான். ஒரு தடவை போதாது, ஐந்து தடவை. முதல் தடவை ஆள் பார்க்கிறார் என்று நெஞ்சை நிமிர்த்தி ஒரு அங்குலம் கூட இழுத்துவிடுவோம். எனக்குச் சராசரி 26¾ அங்குலம் வந்தது. அப்புறம் பெட்டி எடை போடும் டிஜிட்டல் கொக்கித் தராசை நாணில் மாட்டி அதே நீளத்துக்கு இழுத்துப் பார்த்தால் 16.6 கிலோ. அதாவது முப்பத்தாறரை பவுண்டு. கடையில் 40 பவுண்டுக்காரன், தோப்பில் 36 பவுண்டுக்காரன்.

இந்த இரண்டு அளவும் கையில் இல்லாமல் அம்பு வாங்கப் போகாதீர்கள். கொக்கித் தராசு இல்லாதவர்கள் பழைய பேப்பர் கடைக்காரரிடம் ஐந்து நிமிடம் இரவல் கேட்கலாம், தருவார்.

ஏன் அம்பு வளைந்தே ஆக வேண்டும்

ஒரு ஈர்க்குச்சியை எடுத்து ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையை மேலிருந்து அழுத்துங்கள். நடுவில் வில்லாக வளையும். நாணை விட்டதும் அம்புக்கு நடப்பது இதேதான். பின்னால் நாண் தள்ளுகிறது, முன்னால் முனையின் கனம் உடனே நகர மறுக்கிறது, நடுத்தண்டு வளைகிறது. போதாக்குறைக்கு நாண் விரல்களிலிருந்து உருண்டு விலகும்போது அம்பின் வாலைப் பக்கவாட்டில் வேறு தள்ளிவிடுகிறது.

மர வில்லில் அம்பு கைப்பிடியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது, நாண் போகும் கோடோ வில்லின் நடுவில். அம்பு இரும்புக் கம்பிபோல வளையாமல் இருந்தால் வால் முன்னே வரும்போது கைப்பிடியில் மோதிப் பக்கவாட்டில்தான் போக வேண்டும். ஆனால் நல்ல அம்பு குறிக்கு நேராகப் போகிறது. எப்படி? முதலில் ஒரு பக்கம் வளைந்து, அடுத்து மறுபக்கம் வளைந்து, பாம்புபோல் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. வில்லாளர்கள் வெகுகாலம் தலையைப் பிய்த்துக்கொண்ட புதிர் இது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன், பால் கிளாப்ஸ்டெக் என்ற அமெரிக்க இயற்பியலாளர்கள் அதிவேகப் படக்கருவி கொண்டு இந்த நெளிவைப் படம் பிடித்துக் காட்டினார்கள்.

ஆக, வால் கைப்பிடியைத் தாண்டுகிற கணத்தில் அது வெளிப்பக்கமாக விலகி இருக்க வேண்டும். அம்பு அளவுக்கு மீறி விறைத்திருந்தால் நெளிவு போதாமல் மோதும். அளவுக்கு மீறித் துவண்டால் நெளிவு பிந்தி வந்து தாறுமாறாகும். விறைப்பு என்று நாம் தேடுவது இந்த நேரப் பொருத்தத்தைத்தான்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இந்த விஷயத்தில் தாராளமாக அம்பை நோகலாம்.

எதிரும் புதிருமான இரண்டு எண்கள்

விறைப்பைச் சொல்ல அம்பின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணுக்குத்தான் ஸ்பைன் என்று பெயர். கார்பன் அம்பில் 400, 500, 600, 700 என்று இருக்கும். எண் பெரிதாகப் பெரிதாக அம்பு துவளும். மரத்தண்டில் 35-40, 40-45, 45-50 என்று பவுண்டில் இருக்கும். அங்கே எண் பெரிதாகப் பெரிதாக அம்பு விறைக்கும். இரண்டும் எதிரெதிர். இது தெரியாமல், "பெரிய எண் பலமாத்தானே இருக்கும்" என்று 50 பவுண்டு வில்லுக்கு 800 வாங்கி வந்த ஒருவரை எனக்குத் தெரியும். (அலுமினியத்தில் 1816 என்று நான்கு இலக்கம் இருந்தால் அது விறைப்பே அல்ல. வெளிவிட்டம் அங்குலத்தில் 64-இல் 18 பங்கு, சுவர்த் தடிமன் 0.016 அங்குலம் என்பதைச் சொல்லும் குறி.)

கார்பன் எண் எப்படி வருகிறது? 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள். அதன்மேல் தண்டைப் படுக்கவைத்து நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் 500. 0.7 அங்குலம் தொய்ந்தால் 700. மரத்துக்குத் தாங்கிகள் 26 அங்குல இடைவெளியில், எடை இரண்டு பவுண்டு, அதாவது 907 கிராம். 26-ஐத் தொய்வு அங்குலத்தால் வகுத்தால் பவுண்டுக் கணக்கு வரும்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற நான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்ததில் எளிய வழி ஒன்று கிடைத்தது. 31,500-ஐக் கார்பன் எண்ணால் வகுத்தால் மரத்தின் பவுண்டுக் கணக்கு. 500 என்றால் 63. 600 என்றால் 52 சொச்சம். 700 என்றால் 45. தொய்வுக்கான மாற்றுக் கணக்குதான் இது. மரத்தண்டு கனமானது, கார்பன் இலகுவானது, அதனால் வில்லில் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அளக்கும் சட்டத்தை வீட்டிலேயே செய்யலாம். பலகையில் இரண்டு ஆணி, நடுவில் ஒரு கொக்கி, அவ்வளவுதான். எடைக்குக் கடையில் பழைய செம்புக் கம்பியைச் சுற்றி மளிகைத் தராசில் 880 கிராமுக்குக் கொண்டுவந்தேன்; ரீவைண்டிங் கடையில் அதற்குப் பஞ்சமா. தொய்வை டயல் கேஜில் படிக்கலாம் என்று பெருமையாக எடுத்தால் அது 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. 500 அம்பே 12.7 மில்லிமீட்டர் தொய்யும், 700 அம்பு கிட்டத்தட்ட 18. கடைசியில் வெர்னியர் காலிபரின் பின்பக்கத்தில் ஆழம் அளக்க நீளும் குச்சிதான் உதவியது. எடை மாட்டும் முன் ஒரு அளவு, மாட்டிய பின் ஒரு அளவு, கழித்தால் தொய்வு. மில்லிமீட்டரை 25.4-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள், ஸ்பைன் எண் வந்துவிடும்.

எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். அச்சடித்த எண்ணை நம்ப முடியாத மலிவு அம்புகள் நிறையக் கிடைக்கின்றன. நான் வாங்கிய ஆறு "600"-இல் ஒன்று 570 காட்டியது, இன்னொன்று 640. இரண்டையும் ஒரே கூட்டில் வைத்து எய்துவிட்டு, "இன்னிக்கு கை சரியில்ல" என்று நொந்துகொண்டிருந்தேன்.

தண்டு ஒன்றுதான், விறைப்பு வேறு

பலகையில் அளப்பது படுத்திருக்கும் விறைப்பு. வில்லில் வேலை செய்வது பாயும்போது உள்ள விறைப்பு. அதே 600 தண்டு, நீங்கள் செய்கிற சில்லறை மாற்றங்களால் 500 போலவும் நடக்கும், 700 போலவும் நடக்கும்.

நீளம் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம். தொய்வு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 30 அங்குல அம்பில் ஓர் அங்குலம் வெட்டினால் சுமார் 10 சதவீதம் விறைப்பு ஏறும். முனையின் கனம் அடுத்தது. கனமான முனை நகர மறுக்கும், தண்டு அதிகம் வளையும். ஆகவே 100 கிரெயின் (பதினைந்து கிரெயின் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிராம்) முனையைக் கழற்றி 150 மாட்டினால் அம்பு துவளும். திரும்ப 100 மாட்டினால் விறைக்கும். வெட்டியதை ஒட்ட முடியாது, முனையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இந்த ஒரு வரியை நான் அப்போது யோசித்திருந்தால் தக்காளிக்கு மூங்கில் குச்சிதான் கிடைத்திருக்கும்.

கைப்பிடியில் அம்பு உட்காரும் இடம் எவ்வளவு உள்ளே செதுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. வில்லை நாணேற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்து, நாண் வில்லின் நடுக்கோட்டில் விழும்படி பாருங்கள். அம்பின் முனை நாணுக்குப் பின்னால் ஏறக்குறைய மறைகிறதா, நன்றாக விலகி வெளியே நிற்கிறதா? நடுக்கோடு வரைக்கும் செதுக்கிய ரீகர்வில் அம்பு சுற்றிப் போக வேண்டிய தூரம் குறைவு. விறைப்பான அம்பையும் அது ஏற்றுக்கொள்ளும். செதுக்கலே இல்லாத ஆங்கில நீள்வில், குதிரைவில், நம் நாட்டு மூங்கில் வில் இவற்றில் கைப்பிடி முழுத் தடிமனையும் சுற்ற வேண்டும். அதே பவுண்டுக்கு அங்கே ஒரு படி துவளும் அம்பு வேண்டும். 40 பவுண்டு ரீகர்வில் அருமையாகப் போன அம்பை 40 பவுண்டு மூங்கில் வில்லில் மாட்டினால் 'டக்' என்று மோதிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும்.

நாணும் பேசும். டேக்ரான் நாண் கொஞ்சம் இழுபடும், அடியை மெத்தென்று கொடுக்கும். இழுபடாத புதுவகை நாண் அடியை அப்படியே அம்புக்குக் கொடுப்பதால் சற்று விறைப்பான அம்பு கேட்கும். வில்லின் நுனிகள் அந்த நாணுக்குத் தாங்குமா என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். இறகின் கனம், நாணில் மாட்டும் பிளாஸ்டிக் நாக்கின் கனம் இவையெல்லாம் சிறு வித்தியாசம்தான், இப்போது விட்டுவிடுங்கள்.

எதிலிருந்து தொடங்கலாம்

நடுக்கோடு வரை செதுக்கிய மர ரீகர்வ், கைப்பிடியில் அம்பு உட்காரச் செதுக்கிய மேடையிலிருந்தே எய்வது, 29-30 அங்குலக் கார்பன் அம்பு, 125 கிரெயின் முனை. இதற்கு என் அனுபவத்தில் சொல்கிறேன். உண்மையாகக் கையில் வரும் இழுப்பு 30 பவுண்டு என்றால் 800. 35 என்றால் 700. 40 என்றால் 600. 45-இல் 500-ம் ஓடும், 600-ம் ஓடும், அம்பு நீளத்தைப் பொறுத்தது. 50 என்றால் 500. செதுக்கல் இல்லாத வில்லுக்கு இதிலிருந்து ஒரு படி துவளும் பக்கம் போங்கள்.

இதைப் பார்த்துவிட்டு ஒரு டஜன் ஆர்டர் போட்டுவிடாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு எண்களில் நான்கு நான்கு வெற்றுத் தண்டு வாங்குங்கள், வெட்டாமல் முழு நீளத்தில். கூடவே 100, 125, 150, 175 கிரெயின் திருகு முனைகள். சில கடைக்காரர்கள் தனித்தண்டு தரமாட்டேன் என்பார்கள். அப்போது நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கொரு எண் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

எடையும் பார்த்துவிடுங்கள். மிக இலகுவான அம்பு வில்லுக்கு வெறும் நாண் விட்டதுபோல அதிர்ச்சி கொடுக்கும். இழுப்பு ஒரு பவுண்டுக்கு 8 கிரெயினுக்குக் கீழே போக வேண்டாம். 9, 10 இருந்தால் வில்லும் சத்தமில்லாமல் இருக்கும். கிரெயின் தெரியாதவர்கள் பவுண்டுக்கு அரை கிராமுக்குச் சற்று மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். என் 36 பவுண்டுக்கு இப்போதைய அம்பு 23 கிராம். நகைக்கடைத் தராசில் போட்டது.

மொட்டை அம்பு

இறகு இருக்கிறதே, அது பெரிய பொய்க்காரன். தப்பான விறைப்புள்ள அம்பையும் பத்து மீட்டருக்குள் பிடித்து நேராக்கிவிடும். அதனால் சோதனைக்கு இறகில்லாத மொட்டை அம்பு. ஒரே விறைப்பு, ஒரே நீளம், ஒரே முனை. இரண்டுக்கு இறகு ஒட்டுங்கள், இரண்டை மொட்டையாக விடுங்கள்.

நாணில் அம்பு மாட்டும் இடத்துக்கு மேடையின் மட்டத்திலிருந்து 12 மில்லிமீட்டர் மேலே குறி வைத்துத் தொடங்குங்கள். இதை முதலில் சரிசெய்யாமல் இடம்-வலம் பார்ப்பது வீண், ஏனென்றால் வால் மேடையில் இடித்தால் பக்கவாட்டுக் கணக்கும் கெட்டுவிடும். மொட்டை அம்பு இறகு அம்புகளுக்குக் கீழே விழுந்தால் குறி மிக மேலே இருக்கிறது, கொஞ்சம் இறக்குங்கள். மேலே விழுந்தால் ஏற்றுங்கள்.

ஏழெட்டு மீட்டரில் தொடங்கி, பயம் தெளிந்ததும் 15 மீட்டருக்குப் போங்கள். என் இலக்கு, சணல் சாக்கில் பனியன் வேஸ்ட்டை அடைத்துத் தைத்தது. திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் அது மூட்டையாகக் கிடைக்கும், அம்பை மென்மையாகப் பிடிக்கும். ஆனால் சாக்கில் குத்தி நிற்கும் சாய்வை வைத்து முடிவெடுக்காதீர்கள். துணி அம்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இழுத்துவிடும். எங்கே விழுந்தது என்பதுதான் சாட்சி.

வலக்கையால் நாணை இழுத்து, அம்பை வில்லின் இடப்பக்கம் வைத்து எய்பவர் என்றால்: மொட்டை அம்பு இறகு அம்புகளுக்கு இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு அதிகம். வலப்பக்கம் விழுந்தால் துவள்கிறது. இடக்கைக்காரர்களுக்கு அப்படியே தலைகீழ். கட்டைவிரல் மோதிரம் போட்டு அம்பை வலப்பக்கம் வைக்கும் குதிரைவில்காரர்களுக்கும் தலைகீழ்தான்.

ஒரு அம்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் மூன்று சுற்று எய்து, ஒவ்வொரு சுற்றிலும் மொட்டை எவ்வளவு விலகியது என்று சாக்கின் மேலேயே சாக்பீஸில் குறிப்பேன். அதுவும் காலையில், கை களைக்கும் முன். பத்தரை மணிக்கு மேல் எனக்கு அரை அங்குலம் இழுப்பு குறைந்துவிடும். அதே அம்பு விறைத்ததுபோல் காட்டும்.

சரி, இப்போது தக்காளிக் கதை.

முதல் வருடம் எனக்கு ஒரு விற்பனையாளர் 40 பவுண்டு என்றதும் 500 அம்புகளைக் கொடுத்துவிட்டார். அவர் மேலும் தப்பில்லை, நான் இழுப்பு நீளம் சொல்லவில்லை. 30 அங்குலம், 100 கிரெயின் முனை. மொட்டை அம்பு எய்தேன், ஒரு கை அகலம் வலப்பக்கம் விழுந்தது. வலம் என்றால் துவள்கிறது. துவண்டால் வெட்ட வேண்டும். அரை அங்குலம் வெட்டினேன். இன்னும் வலம். இன்னும் அரை. இன்னும் மோசம். ஞாயிறுக்கு ஞாயிறு வெட்டி மூன்று அம்புகளை 27¾ அங்குலத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதற்கு மேல் வெட்டினால் முனை கைக்குள் வந்துவிடும்.

அன்றைக்குப் பக்கத்தில் நின்ற மச்சான், வில்லைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர், "மாப்ள, ஒவ்வொரு தடவையும் எதோ தட்டுதே, கேக்கலையா?" என்றார். எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வில்லின் சத்தம் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து கைப்பிடியின் பக்கவாட்டில் குழந்தைப் பவுடரைத் தட்டி, ஒரு மொட்டை அம்பு எய்து பார்த்தேன். அம்பின் பின்பகுதியில், வாலிலிருந்து ஒரு சாண் தூரத்தில், வெள்ளையாக ஒரு கோடு. கைப்பிடியில் பவுடர் அழிந்திருந்தது. அம்பு ஏற்கெனவே மிதமிஞ்சிய விறைப்பு. நெளிய முடியாமல் கைப்பிடியில் மோதி, வால் இடப்பக்கம் உதைபட்டு, அம்பு வலப்பக்கம் போயிருக்கிறது. துவளும் அம்பைப்போல வேஷம் போட்டிருக்கிறது. நான் வெட்ட வெட்ட விறைப்பு ஏறி, வேஷமும் ஏறியது.

அன்றிலிருந்து என் வரிசை இதுதான். முதலில் காது, அடுத்தது பவுடர், அதற்கப்புறம்தான் இடம்-வலம். மோதல் இருக்கும்வரை விழும் இடத்தை வைத்து எந்த முடிவும் எடுப்பதில்லை. சந்தேகம் வந்தால் முனையை 50 கிரெயின் கூட்டிப் பார்ப்பேன். உண்மையாகவே துவளும் அம்பு என்றால் இன்னும் வலப்பக்கம் ஓடும். வேஷம் என்றால் சத்தம் குறைந்து நடுவை நோக்கி வரும் அல்லது இடப்பக்கம் தாவும். ஒரு முனை மாற்றும் நேரத்தில் உண்மை வெளியே வந்துவிடும்.

எவ்வளவு, எந்த வரிசையில் திருத்துவது

முழு நீளத்தில், 125 கிரெயினில் மொட்டை அம்பு லேசாகத் துவள்வதாகக் காட்டினால் நல்ல சகுனம். அதிலிருந்து வெட்டி வரலாம். விறைப்பாகக் காட்டினால் முனையைக் கூட்டுங்கள். 175 போட்டும் இடப்பக்கமே நின்றால் தண்டு தப்பு, அடுத்த எண்ணுக்குப் போங்கள். 250 கிரெயின் முனையை மாட்டித் தப்பான தண்டைச் சரிக்கட்டுகிறவர்களும் உண்டு. அம்பு அப்புறம் மாங்காய் விழுவதுபோல விழும், எனக்குப் பிடிப்பதில்லை.

வெட்டுவதென்றால் ஒரு தடவைக்கு 6 மில்லிமீட்டர். அதற்கு மேல் கூடவே கூடாது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மூன்று சுற்று. முனை பிடிக்கும் உள்குழாயைச் சோதனை முடியும்வரை சூட்டில் இளகும் பசையால் ஒட்டுங்கள். எபாக்ஸி போட்டால் கழற்றும்போது தண்டு போய்விடும். இளக்கும்போதும் முனையைத்தான் சூடாக்க வேண்டும், கார்பனை அல்ல. இழுப்பு நீளத்தைவிட ஓர் அங்குலமாவது அம்பு நீண்டிருக்க வேண்டும், இதில் பேரமே இல்லை.

கார்பனை ஹேக்சா பிளேடால் அறுக்காதீர்கள், நார் நாராகப் பிரியும். மெல்லிய அப்ரேசிவ் சக்கரத்தில், தண்டைச் சுற்றிக்கொண்டே வெட்டுங்கள். முகமூடி கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, கையில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும். நான் சக்கரத்துக்குக் கீழே ஈரத்துணி விரித்துவிடுவேன். எய்யும் முன் ஒவ்வொரு முறையும் அம்பை லேசாக வளைத்து, திருகி, காதருகே வைத்துப் பாருங்கள். 'நறுக்' என்று சன்னமாகக் கேட்டாலும் உடைத்துக் குப்பையில் போடுங்கள். விரிசல் விட்ட கார்பன் நாண் விடும்போது பிளந்தால் வில் பிடித்த கைக்குள்தான் போகும்.

எங்கே நிறுத்துவது? 15 மீட்டரில் மொட்டை அம்பு இறகு அம்புகளிலிருந்து நான்கு விரல் அகலத்துக்குள், லேசாகத் துவளும் பக்கம் விழுந்தால் நான் நிறுத்திவிடுகிறேன். இறகின் கனம் வாலில் ஏறியதும் அந்த மிச்சமும் ஓரளவு அடைபடும். ஒன்றன்மேல் ஒன்று குத்த வேண்டும் என்று மேலும் மேலும் வெட்டுகிறவர் தன் கையின் தடுமாற்றத்தைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறார்.

எனக்கு அமைந்தது: 700 தண்டு, 29½ அங்குலம், 125 கிரெயின், நான்கங்குல வான்கோழி இறகு மூன்று. பிளாஸ்டிக் இறகு வேண்டாம், மேடையில் உரசும்போது மடியாமல் அம்பையே உதைத்துவிடும்.

மூங்கில் தண்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தியன் ரவுண்ட் என்று தேசிய அளவிலேயே மூங்கில் வில்லுக்குத் தனிப் பிரிவு உண்டு. அதற்காக வாங்கும் மூங்கில் தண்டில் எண் எதுவும் இருக்காது, அளக்கும் பலகைதான் கதி. மூங்கிலைப் பலகையில் வைத்துச் சுற்றிச் சுற்றி அளந்தால் ஒரு பக்கம் விறைப்பாகவும் கால் வட்டம் தள்ளி இளக்கமாகவும் காட்டும். விறைப்பான பக்கத்தைப் பென்சிலால் குறித்து, எல்லா அம்பிலும் அது கைப்பிடியைப் பார்த்து உட்காரும்படி நாக்கை ஒட்டுங்கள். மரத்தண்டிலும் இதேதான், ஆண்டு வளையக் கோடுகளின் விளிம்பு கைப்பிடியைப் பார்க்க வேண்டும். இருபது தண்டு அளந்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது ஏழெட்டுத் தேறும். மிச்சத்தைத் தனிக்கட்டாக வைத்திருங்கள், வேறு பவுண்டுக்காரர் யாராவது வருவார்.

அமைந்த அளவுகளை வில்லின் உறைக்குள் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது: நாண் வகை, நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள உயரம், முனை, நீளம், அன்றைய இழுப்பு. போன மாசியில் நாண் அறுந்து வேறு வகை மாட்டினேன். அதே அம்புகள் ஒரு சாண் வலப்பக்கம் போயின. சீட்டைப் பார்த்து, பவுடர் தட்டி மோதல் இல்லை என்று தெரிந்துகொண்டு, 125-ஐக் கழற்றி 100 மாட்டினேன். ரம்பத்தைத் தொடவில்லை.